பழைய விண்டோஸ் எங்கே போகிறது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து வாசகர்கள் கேட்பது ஒரே கேள்வி: அப்படியே 11-க்கு ஏற்றிவிடலாமா, ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போடலாமா?

ஃபார்மட் அடிப்பது தெரிந்த விஷயம். சி டிரைவ் காலி. எல்லா மென்பொருளையும் திரும்பப் போட வேண்டும். சரி, ஏற்றும்போது என்ன நடக்கிறது? பழையதன் மேலேயே புதியதைப் பூசுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2007-ல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே அப்படி இல்லை. முழு விண்டோஸும் ஒரே பெரிய கோப்பாக வந்து புதிதாக விரிகிறது. பழையது 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் போகிறது.

பல ஜிபி அளவுள்ள பழைய விண்டோஸ் ஃபோல்டர் நொடிகளில் இடம் மாறுகிறதே, எப்படி? உண்மையில் டிஸ்கில் எதுவும் நகர்வதில்லை! ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற பதிவேட்டில் ஓர் எண் உண்டு. உள்ளே இருக்கும் கோப்பு தன் ஃபோல்டரைப் பெயரால் அல்ல, அந்த எண்ணால்தான் அறியும். அதனால் மேலே இருக்கும் ஒரே ஒரு ஃபோல்டரின் பதிவைத் திருத்தினால் போதும். அடியில் இருக்கும் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தொடவே வேண்டாம். நிலம் இருந்த இடத்திலேயே இருக்க, பட்டா மட்டும் மாறுவது போல. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத அழகு இது.

அப்புறம் நம் கோப்புகள், மென்பொருள்கள், அமைப்புகள் எல்லாம் புதிய வீட்டுக்குள் வருகின்றன. கணினி தொடங்கும்போதே ஓட ஆரம்பிக்கும் தேவையற்ற நிரல்களும் கூடவே வரும். 'ஏற்றினால் ஸ்லோ ஆகிவிடும்' என்ற பேச்சில் பெரும்பகுதி இவற்றால் வந்தது. எதற்கெடுத்தாலும் ஃபார்மட் என்பது, என்னைப் பொறுத்தவரை, ஒரு மூடநம்பிக்கைதான். வைரஸ் புகுந்த கணினி என்றால் மட்டும் தயங்காமல் ஃபார்மட் அடியுங்கள். எதைச் செய்தாலும் முதலில் ஒரு பேக்கப்.

அக்காவின் லேப்டாப்பில் 11-ஐ ஏற்றியதும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. எட்டாம் நாள் திரும்பினோம். அதே டெஸ்க்டாப், அதே குழந்தைப் படம், பிரிண்டரும் ஓடியது. பிரிண்டரை இயக்கும் சரியான டிரைவர் மென்பொருளைத் தேடி எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற்றினோம்.