இயற்பியல் கணக்குக்குத் தனி கார்டு வாங்கலாமா?

பவானியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினியில், ஃபிஸ்எக்ஸுக்கென்றே (கேமில் பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிடும் மென்பொருள்) ஒரு பழைய கார்டையும் செருகினால் கேம் வேகம் கூடுமா?

இன்றைய கேம்களில் வேகம் கூடாது. காசை ரேமில் போடுங்கள்.

பொருள் விழுவதும் மோதுவதும் நியூட்டன் விதிப்படிதான். நொடிக்கு 60 பிரேம் என்றால், ஒரு பிரேமின் வேலையை முடிக்க 16.7 மில்லி நொடிதான். எது எதோடு மோதும் என்று சலித்து, தொடும் புள்ளிகளைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. அதற்கப்புறம் வருவதுதான் அழகு.

ஈரோடு மஞ்சள் மண்டியில் பதினோரு மூட்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதைக் கேமில் காட்டுவதாக வையுங்கள். மூட்டைகளுக்கு நடுவே பத்துத் தொடுகைகள். ஒரு தொடுகையில் மேல் மூட்டை கீழ் மூட்டைக்குள் புகாதபடி சிறு உந்தம் கொடுத்தால், பக்கத்துத் தொடுகை கலைகிறது. அதைச் சரிசெய்தால் முந்தையது கலைகிறது. ஆனாலும் சுற்றுக்குச் சுற்று பிழை குறைந்துகொண்டே போகும். சுற்றுகள் போதாவிட்டால் அடுக்கு நடுங்கும், அமுங்கும், சரியும். இதற்கு அருமையான வழி ஒன்று உண்டு: போன பிரேமில் வந்த விடையிலிருந்தே இந்தப் பிரேமைத் தொடங்குவது. அசையாத அடுக்குக்கு அது ஏறக்குறைய சரியான விடை. நாலைந்து சுற்றிலேயே அடுக்கு நிலைத்துவிடும்.

ஒரே மூட்டையைத் தொடும் இரண்டு கணக்கை ஒரே நேரத்தில் போட முடியாது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தால், பத்தில் ஐந்துதான் ஒரு தடவைக்கு ஓடும். ஜிபியுவில் (கிராபிக்ஸ் கார்டின் சிப்பில்) கணக்குப் போட ஆயிரம் கோர் இருந்தாலும் மற்றவை சும்மா நிற்கும். இந்த மாதிரிக் கணக்குக்கு சிபியுவே போதும். சிதறும் கண்ணாடி, துணி, புகை என்று ஆயிரக்கணக்கில் தனித்தனித் துகள் வந்தால்தான் ஜிபியுவுக்கு வேலை.

2006இல் ஏஜியா நிறுவனத்தின் ஃபிஸ்எக்ஸ் கார்டு இதற்கென்றே சந்தைக்கு வந்தது. 128 எம்பி நினைவகம், பழைய பிசிஐ ஸ்லாட். கார்டு பெருக்கிய சிதறல்களை வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டுதான். அதனால் சில கேம்களில் பிரேம் குறையவே செய்தது. 2008இல் என்விடியா அந்நிறுவனத்தை வாங்கி, அந்த வேலையை ஜிபியுவுக்கே மாற்றிவிட்டது. ஃபிஸ்எக்ஸ் மூலநிரல் 2018 முதல் திறந்தே கிடக்கிறது. கோவைப் பக்கம் பொறியியல் படிக்கிறவர்கள் புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்காமல், இதைப் பிரித்துப் படிக்க வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 2025இல் பழைய 32-பிட் நிரல்களின் கணக்கை ஜிபியுவில் ஓட்டும் 32-பிட் கூடா என்ற மென்பொருளைக் கைவிட்டதால், மிரர்ஸ் எட்ஜ், பார்டர்லேண்ட்ஸ் 2 போன்ற பழைய கேம்களில் ஃபிஸ்எக்ஸ் சிபியுவில் விழுந்து திணறியது. அந்த ஆண்டு டிசம்பர் டிரைவர் குறிப்பிட்ட சில கேம்களுக்கு அதைத் திருப்பித் தந்தது. முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள். உங்கள் கேம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் மட்டும் இரண்டாம் கார்டு. மலிவாகக் கிடைக்கிறதென்று ஜிடிஎக்ஸ் 1050 வாங்கிவிடாதீர்கள். அந்த டிசம்பர் டிரைவர் அடங்கிய 590 வரிசை டிரைவர் அதை ஏற்காது. தனி பவர் கேபிள் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 சரிப்படும். செருகிய பிறகு என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஃபிஸ்எக்ஸ் பிராசசராக அதைத் தேர்ந்தெடுத்து, மேலே மெனுவில் ஃபிஸ்எக்ஸ் இண்டிகேட்டரை ஆன் செய்யுங்கள். கணக்கு சிபியுவில் ஓடுகிறதா, ஜிபியுவிலா என்று கேம் திரையிலேயே எழுத்தில் தெரியும்.