அக்கவுண்டிங் பீரியட்: ‘கணக்காண்டு’ சரிதானா?

பிரிட்டனில் கம்பெனி தொடங்கியவர்கள் முதல் கணக்கை முடிக்கும்போது ஓர் இடத்தில் திகைப்பார்கள். கணக்கு ஒன்றுதான், வரித்துறை கேட்பதோ இரண்டு படிவம். இந்தத் திகைப்புக்கு அடியில் இருப்பது ‘அக்கவுண்டிங் பீரியட்’ என்ற சொல். அதை நாம் ‘கணக்காண்டு’ என்று எழுதிவிடுவதால் சிக்கல் இன்னும் இறுகுகிறது.

ஆண்டு என்றால் பன்னிரண்டு மாதம். பிரிட்டனின் நிறுவன வரிச் சட்டமோ இந்தக் காலம் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் குறையலாம். பெரும்பாலும் தொழில் தொடங்கும் நாளில் அது தொடங்கும். பன்னிரண்டு மாதம் நிறைவது, கணக்கு முடிக்கும் தேதி வருவது, தொழிலை நிறுத்துவது ஆகியவற்றில் எது முந்துகிறதோ, அதோடு முடியும்.

2023 மே 11 அன்று பதிவாகி, அன்றே வியாபாரத்தில் இறங்கிய ஒரு கம்பெனியைப் பார்ப்போம். கம்பெனிகளின் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ், பதிவான மாதத்தின் கடைசி நாளையே கணக்கு முடிக்கும் தேதியாக வைத்துவிடும். அதனால் முதல் கணக்கு 2024 மே 31 வரை, 387 நாள் ஓடும். வரித்துறை இதை ஏற்காது. மே 10 வரை 366 நாள் (இடையில் பிப்ரவரி 29 வருகிறது) ஒரு காலம். மிச்சமுள்ள 21 நாள் இன்னொன்று. இரண்டு காலத்துக்கும் தரவேண்டிய நிறுவன வரிப் படிவங்களுக்கும் (சி.டி.600) கெடு 2025 மே 31. ஆனால் வரிப் பணத்துக்கு, அந்தந்தக் காலம் முடிந்து ஒன்பது மாதமும் ஒரு நாளும்தான்: முதலாவதற்கு 2025 பிப்ரவரி 11, அடுத்ததற்கு மார்ச் 1. எல்லாம் ஒரே கணக்குத்தானே என்று மார்ச் வரை இருந்துவிட்டால் வட்டி ஏறும். குறைந்த லாபத்துக்கு உரிய 19 சதவீத வரிக்கான 50,000 பவுண்டு வரம்பும் அந்த 21 நாளுக்கு 2,900 பவுண்டுக்குள் சுருங்கிவிடும்.

‘நிதியாண்டு’ என்றும் எழுதக்கூடாது. அது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வரி விகிதத்துக்காக அரசு வைத்திருக்கும் ஆண்டு.

‘பீரியட்’ கிரேக்க வேர் கொண்டது. பெரி என்றால் சுற்றி, ஹொடோஸ் என்றால் வழி, சுற்றிவரும் பாதை. சோழர் கல்வெட்டுகளில் ஆண்டுக்கணக்கைக் குறிக்கும் ‘ஆட்டைவட்டம்’ என்ற சொல் உடனே நினைவுக்கு வருகிறது. எடுத்தாள ஆசைதான், ஆனால் ஆட்டை என்பதும் ஆண்டுதானே! ‘அக்கவுண்ட்’ என்பதன் லத்தீன் வேர், எண்ணிப் பார்ப்பதைக் குறிக்கும் கம்புட்டாரே. கம்ப்யூட்டரும் அதே வேரில் வந்ததுதான்.

அந்த வேருக்குக் ‘கணக்கியல்’ என்பதைவிடக் ‘கணக்கீடு’ நெருக்கம். இலங்கைத் தமிழில் நன்கு வேரூன்றிய சொல்லும்கூட. எனவே வரிக்கு உரியதை ‘வரிக் கணக்கீட்டுக் காலம்’ என்பேன். கம்பெனி தன் கணக்கை எழுதும் காலத்துக்கு ஆங்கிலச் சட்டத்திலேயே ‘பீரியட் ஆஃப் அக்கவுண்ட்’ என்று தனிப்பெயர் உண்டு. அதற்குக் ‘கணக்குக் காலம்’ போதும். நம் கம்பெனிக்கு 387 நாளில் ஒரு கணக்குக் காலம். அதற்குள் இரண்டு வரிக் கணக்கீட்டுக் காலங்கள்.