கடல் ஏன் தண்ணீரை வாங்க மறுக்கிறது?

கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் நாட்களில் எங்கள் ஆய்வகத்தில் எல்லார் மேசையிலும் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு திரையில் ராடாரின் மழைப் படம். இன்னொன்றில் பாதி எழுதிய ஆய்வுச் சுருக்கம். நிலநடுக்கம், நிலச்சரிவு, சுனாமி, வெள்ளம் என்று இயற்கை இடர்களை ஆராய்கிறவர்கள் உலகெங்கிலுமிருந்து கூடும் பெரிய மாநாடுகளில் ஒன்று, ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் வியன்னாவில் நடத்துவது. அதற்குச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் ஜனவரியில் வரும். நம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். ஆகவே வெள்ளத்தைப் பற்றி எழுத வேண்டிய வாரங்களும், வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று படுக்கையை மாடிக்கு ஏற்றும் வாரங்களும் சென்னைக்காரர்களுக்கு ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

இந்த முறை எங்கள் குழுவில் ஒரு மாணவி எடுத்துக்கொண்டது அடையாற்றின் கடைசிப் பகுதி. மழை எவ்வளவு, ஏரிகளிலிருந்து திறந்துவிடும் உபரி நீர் எத்தனை கன அடி, ஆற்றின் அகலம் ஆழம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கணினி மாதிரிக்குக் கொடுத்து, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்கிட வைத்தார். அது சரியா என்று பார்க்க நேரில் போய் அளந்தார். கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரின் உட்புறம் 2015-இல் தண்ணீர் நின்ற உயரத்தில் அந்த வீட்டுக்காரர் ஆணியால் கீறி வைத்திருந்தார். சுவருக்கு மேலே மேலே வெள்ளையடித்தும் அந்தக் கீறலை மட்டும் மூடவில்லை. தரையிலிருந்து கீறல் வரை அளவு நாடாவைப் பிடிப்பது ஒரு நிமிட வேலை. அந்தத் தரை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. அப்படிச் சேர்த்த பல அடையாளங்களோடு ஒப்பிட்டபோது, கழிமுகத்தை நெருங்க நெருங்க, மாதிரி சொன்ன நீர்மட்டம் உண்மையில் நின்ற மட்டத்துக்குக் கீழேயே இருந்தது.

வரைபடத்தைப் பார்த்த மூத்த ஆய்வாளர் ஒருவர் கேட்டது ஒரே கேள்விதான்: இதில் கடல் எங்கே? நிரலைத் திறந்து பார்த்தோம். ஆறு கடலில் சேரும் விளிம்பில் கடல் மட்டம் பூஜ்யம் என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. இரவும் பகலும், புயலிலும் அமைதியிலும், அசையாத பூஜ்யம்.

மிச்சாங் புயல் ஓய்ந்த 2023 டிசம்பரில் ஊரெல்லாம் புழங்கிய வாசகம் 'கடல் தண்ணீரை உள்வாங்கவில்லை' என்பது. அதை வெறும் சாக்கு என்று நினைத்தவர்கள் உண்டு. அது சாக்கு அல்ல, இயற்பியல். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் அளவு புரிய வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஆக, ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 426 கோடி லிட்டர். 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். நகரத்துக்கு மேற்கேயும் தெற்கேயும் உள்ள ஏரிகளின் உபரி நீர் இதற்கு மேல். இத்தனையும் கடலுக்குப் போகச் சில வாசல்களே உள்ளன: எண்ணூர், கூவம், அடையாறு, தெற்கே கோவளம் அருகே முட்டுக்காடு.

தண்ணீர் ஓடுவது சரிவால். ஆற்றுப் படுகையின் சரிவைக் காட்டிலும், நீரின் மேல்மட்டம் இங்கிருந்து அங்குவரை எவ்வளவு இறங்குகிறது என்பதே முக்கியம். கழிமுகத்துக்குப் பத்து கிலோமீட்டர் உள்ளே ஆற்றுநீர் கடலைவிட இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் என்பதே சொற்பச் சரிவு. இப்போது கடல் அரை மீட்டர் உயர்ந்தால் அந்தச் சரிவில் கால் பங்கு காணாமல் போகும். ஓட்டத்தின் வேகம் சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறையும். மேலிருந்து வரும் தண்ணீர் குறையவில்லை. போகிற வேகம் மட்டும் குறைந்துவிட்டது. அப்படியானால் ஆற்றுக்கு இருக்கும் ஒரே வழி உயர்வதுதான். ஆறு உயர்ந்ததும் அதில் விழும் மழைநீர் வடிகால்களின் வாய் மூழ்கிவிடும். வடிகாலுக்குத் திசை தெரியாது. ஆற்றில் மட்டம் அதிகமாக இருந்தால் தண்ணீர் ஆற்றிலிருந்து தெருவுக்கு வரும். மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த பிறகும் சாலை நடுவே மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் குமிழியிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்தத் தெருவில் பெய்த மழையாக இருக்க வேண்டியதில்லை.

கடல் எதனால் உயர்கிறது? முதலில் நினைவுக்கு வருவது ஓதம், அதாவது கடல் ஏற்ற இறக்கம். சென்னைக் கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீட்டர் அளவில் இருக்கும். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது.

இங்கேதான் எங்களை வெகு நேரம் யோசிக்க வைத்த ஒன்று வந்தது. சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, பழைய தேதிகளின் திதியைத் தேடினோம். 2015 வெள்ளம் வந்தபோது கார்த்திகை தீபம் ஏற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. 2023-இல் மிச்சாங் மழை கொட்டியபோதும் கார்த்திகை தீபம் முடிந்து ஒரு வாரம்தான். பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் என்றால் தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்கள். சென்னையின் இரண்டு பெரிய வெள்ளங்களும் கடலின் ஏற்ற இறக்கம் மிகவும் சிறியதாக இருக்கும் நாட்களில் வந்திருக்கின்றன. அமாவாசையில் வந்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்குமோ என்ற பயம்தான் முதலில் எழும். ஆனால் அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது. அமாவாசையில் ஏற்றம் அதிகம், இறக்கமும் அதிகம். ஆறு மணி நேரம் கதவு இறுகச் சாத்தியிருந்தால், அடுத்த ஆறு மணி நேரம் அகலத் திறந்திருக்கும். அஷ்டமியில் கதவு நாள் முழுக்கப் பாதி திறந்தபடியே நிற்கும். ஏரிநீர் கழிமுகத்துக்கு வந்து சேரும் நேரமும் ஏற்றமும் ஒன்றாகிவிட்டால் அமாவாசை கொடியது. இறக்கத்தோடு சேர்ந்துவிட்டால் அதுவே நமக்கு உதவி. எனவே மதகு திறக்கும் நேரத்தையும் ஓத அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓதத்தை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே கணக்கிட முடியும் என்பது இதில் உள்ள பெரிய ஆறுதல்.

அடுத்தது அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று. வங்கக் கடலின் மேற்குக் கரையில் கடல் மட்டம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நவம்பரை ஒட்டித்தான் அது உச்சத்தில் இருக்கிறது. சரியாக நம் மழைக்காலத்தில். காற்றின் திசை மாறியதும் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடத் தொடங்குகிறது. பூமியின் சுழற்சியால் நம் அரைக்கோளத்தில் ஓடும் நீர் தன் வலப்பக்கம் சாய்கிறது. தெற்கு நோக்கி ஓடுவதற்கு வலப்பக்கம் மேற்கு. மேற்கே இருப்பது நம் கரை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய உப்புக் குறைந்த, எடை குறைந்த நீரும் அந்த ஓட்டத்தோடு வருகிறது. இப்படிக் கரையோரம் நீர் மேடிட்டு நிற்கும் பருவத்தில்தான் நாம் நம் வெள்ளத்தை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்க்கிறோம்.

அதற்கு மேல் புயல். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். புயலின் மையத்தில் அழுத்தம் 25 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால் அங்கே கால் மீட்டர் உயர்வு. கரையை நோக்கி வீசும் காற்று நீரைத் தள்ளிக் குவிக்கும். ஆழம் குறைந்த கடலில் இந்தக் குவிப்பு அதிகம். கரைக்கு இணையாக வீசும் வாடைக் காற்றுகூட, மேலே சொன்ன வலப்பக்கச் சாய்வால், நீரைக் கரைப்பக்கம் கொண்டுவரும். மிச்சாங் சென்னையில் கரையேறவில்லை. கரையை ஒட்டியே வடக்கே நகர்ந்து டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்தது. கரையேறாத புயல் நம்மை விட்டுவிட்டது என்று நினைப்பது தவறு. அருகே மெதுவாகக் கடந்து போகும் புயல் மழையையும் கொட்டும், கடலையும் உயர்த்தி வைத்திருக்கும்.

மாநாட்டுக்கு நாங்கள் கொண்டுபோக நினைக்கும் கருத்து இங்கேதான் இருக்கிறது. 'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நூறாண்டுக்கு ஒருமுறை முறை வைத்து வருவது என்று அதற்குப் பொருள் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் பொருள். இருபது ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு 18 சதவீதம். இப்போது நூற்றில் ஒரு வாய்ப்புள்ள மழையும், நூற்றில் ஒரு வாய்ப்புள்ள கடல் உயர்வும் ஒரே ஆண்டில் வர என்ன வாய்ப்பு? இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால் இரண்டையும் பெருக்கலாம்: பத்தாயிரத்தில் ஒன்று. இந்தப் பெருக்கலை நம்பிக் கட்டப்பட்ட பாலமும் வடிகாலும் பத்திரமானவை என்று தோன்றும். ஆனால் மழையும் கடல் உயர்வும் தொடர்பில்லாதவை அல்ல. இரண்டும் ஒரே புயலின் பிள்ளைகள். ஒன்று வந்தால் மற்றொன்றும் கூடவே வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், உண்மையான ஆபத்து அந்தப் பத்தாயிரத்தில் ஒன்றைவிடப் பல மடங்கு கூடுதல். எத்தனை மடங்கு என்பதைப் பழைய மழைப் பதிவுகளையும் கடல் மட்டப் பதிவுகளையும் நாளுக்கு நாள் இணைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இடர்கள் கைகோத்து வருவதை ஆராயும் இந்தப் பிரிவுக்கு 'கூட்டு இடர்' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாப் பழியையும் கடல்மேல் போட்டுவிட முடியாது என்பதையும் சுருக்கத்தில் எழுதியிருக்கிறோம். 2015-இல் செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் நொடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் திறந்துவிடப்பட்டது. அவ்வளவு வெள்ளம் வரும்போது சைதாப்பேட்டைக்கு மேற்கே நீர்மட்டத்தைத் தீர்மானித்தது ஆற்றின் கொள்ளளவே. கடலின் கை அங்குவரை நீளாது. தென்சென்னை வேறு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, அங்கிருந்து கிட்டத்தட்டச் சரிவே இல்லாத பாதையில் பல கிலோமீட்டர் தெற்கே போய் முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பாதையின் முடிவில் கடல் ஒரு சாண் உயர்ந்தாலும் அதன் விளைவு வெகுதூரம் உள்ளே வரும். பள்ளிக்கரணைக்கு 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. பறவைகளுக்காக மட்டும் அதைப் போற்றினால் போதாது. கடல் கதவைச் சாத்தியிருக்கும் மணி நேரங்களில் தண்ணீர் காத்திருக்க அந்தப் பகுதியில் இருக்கும் பெரிய கூடம் அதுதான். அதில் நிரப்பிய ஒவ்வொரு ஏக்கரும் பக்கத்துக் குடியிருப்பின் தரைத்தளத்தில் தண்ணீராக நிற்கும்.

திருத்திய மாதிரியில் அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டு, மணிக்கு மணி மாறும் கடல் மட்டத்தைக் கொடுத்தோம். கழிமுகத்தை ஒட்டிய பகுதியில் நீர்மட்டம் சுவர் அடையாளங்களை நோக்கி ஏறியது. மாணவி எழுந்து நின்றே அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் முழுதாகப் பொருந்தவில்லை. மீதமிருக்கும் இடைவெளிக்கு நாங்கள் சந்தேகப்படுவது மணல் திட்டை. நம் கரையில் அலைகள் ஆண்டுக்கணக்கில் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன. துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் இதனால்தான். அதே மணல் அடையாற்றின் வாயிலும் வந்து அடைக்கிறது. மழைக்கு முன் இயந்திரம் வைத்துத் தோண்டி வழி விடுகிறார்கள். வெள்ளம் வந்ததும் ஆறே திட்டை அரித்து வாயை அகலமாக்கிக்கொள்கிறது. எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு அகலமாக என்பதுதான் மாதிரிக்குத் தேவையான எண். அந்த இரவில் புயலுக்கு நடுவே அங்கே நின்று யாரும் அளப்பதில்லை.

500 சொற்களுக்குள் அடங்க வேண்டிய சுருக்கத்தில் இதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் ஒதுக்க முடிந்தது. ஆனால் மாநாட்டில் மாட்டப்போகும் போஸ்டரில் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறோம். வரும் அமாவாசையன்று விடியற்காலை, ஏற்றம் உச்சத்துக்கு வருவதற்கு முன், அளவுகோலும் ஜிபிஎஸ் கருவியுமாக அடையாற்றின் வாயருகே உள்ள ஊரூர் குப்பத்துக் கரையில் இறங்குகிறோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தையும் வாயின் அகலத்தையும் குறித்துக்கொண்டு, அடுத்த இறக்கம் வரை அங்கேயே இருப்போம்.