வீடியோ பத்திரிகையா, களஞ்சியமா, இதழா?

‘பயிற்சி செய்யும் மந்திரவாதிகளுக்கான வீடியோ பத்திரிகை.’ ‘வீடியோ மேகசின் ஃபார் பிராக்டிசிங் மேஜிஷியன்ஸ்’ என்ற ஆங்கிலத்தை இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள்; மேஜிக் சாமான் விற்கிறவர்களின் தமிழ் விளம்பரங்களில் இந்த வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. செட்டிநாட்டுப் பக்கம் ஒரு ஆச்சியிடம் இதை வாசித்துக் காட்டினால், பேயோட்டுகிற யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். இங்கே பத்திரிகை என்றால் முதலில் கல்யாணப் பத்திரிகை. ‘பத்திரிகை வைக்க வந்தோம்’ என்றால் யாரும் வார இதழை நினைப்பதில்லை. வீடியோ பத்திரிகை என்பதும், மாப்பிள்ளை பெண் படங்களைப் பாட்டோடு ஓடவிட்டு ஸ்டூடியோக்காரர்கள் செய்து தருகிற அழைப்புக்குப் பெயராகிவிட்டது. ஒரே வரியில் மூன்று இடறல், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் பொருள். மேஜிக் செய்கிறவர்களுக்கென்றே வருகிற இதழ் இது, ஆனால் எழுத்துக்குப் பதில் படம். முன்பு கேசட்டில் வந்தது, பிறகு டிவிடியில், இப்போது சந்தா கட்டினால் இணையத்தில். ‘ரீல் மேஜிக்’ என்ற அமெரிக்க இதழ் டிவிடியாகவே வந்தது. ஒருவர் வித்தையை முழுதாகச் செய்து காட்டுவார், அப்புறம் கையை நெருக்கத்தில் காட்டி விளக்குவார். கூடவே புதுச் சாமான்களுக்கு விமர்சனம், மூத்தவர்களிடம் பேட்டி, மாநாட்டுச் செய்தி. அச்சில் இப்படி ஏற்கெனவே உண்டு. 1922இல் தொடங்கிய சர்வதேச மேஜிக் சங்கத்துக்கு ‘லிங்கிங் ரிங்’ என்று இதழே இருக்கிறது. பிறகு வீடியோ எதற்கு என்றால், சீட்டுக்கட்டின் மேலிருந்து இரண்டு சீட்டை ஒன்றுபோல் சேர்த்து எடுக்கிற ‘டபுள் லிஃப்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் எங்கே, சுண்டுவிரல் எங்கே என்று ஒரு பக்கம் எழுதலாம், படமும் வரையலாம். எடுக்கிற வேகத்தையும், அந்த நேரத்தில் செய்கிறவர் சீட்டைப் பார்க்காமல் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதையும் எப்படி எழுதுவது? பத்து விநாடி படத்தில் தெரிந்துவிடும்.

வீடியோ, லத்தீனில் ‘பார்க்கிறேன்’. மேகசின், அரபியில் சேமிப்புக் கிடங்கைக் குறிக்கும் ‘மக்ஸன்’ என்பதன் பன்மையிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. துப்பாக்கியில் தோட்டா அடைக்கிற பகுதிக்கும் வெடிமருந்துக் கிடங்குக்கும் அதே பெயர் இருப்பது அதனால்தான். 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் தன் வெளியீட்டுக்கு ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ என்று பெயர் வைத்ததிலிருந்துதான் இதழ் என்ற பொருள் ஒட்டிக்கொண்டது.

இந்த வேரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களோடுதான் எனக்குப் பெரிய சண்டை. ‘காணொளிக் களஞ்சியம்’ என்கிறார்கள். கிடங்குதானே மூலப்பொருள், களஞ்சியம் என்றால் பொருத்தம்தானே என்று கேட்கிறார்கள். வேர்தான் கணக்கு என்றால் களஞ்சியம் எதற்கு, எங்கள் ஊர்ச் சொல்லான கிட்டங்கியே இருக்கிறதே. பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் செட்டிநாட்டு நகரத்தார் தொழில் நடத்திய கிட்டங்கியில் ஒரே நீளக் கூடம்; அதில் ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு தொழில் நிறுவனத்துக்கும், தனியிடம், ஒரு பெட்டகம், தரையில் உட்கார்ந்து கணக்கெழுத ஒரு சாய்மேசை. பலர் சரக்கு ஒரே கூரையின் கீழ் என்று பார்த்தால் மேகசினுக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைக்காது. ஆனாலும் நான் அதைச் சொல்ல மாட்டேன். கிட்டங்கி மாதாமாதம் வீட்டுக்கு வராது. களஞ்சியமும் வராது. தவணை தவறாமல் வருவதும், போன தவணை பழசாகிப்போவதும்தான் இதழுக்கு அடையாளம். களஞ்சியம் என்றால் ஒரு துறையை மொத்தமாகச் சேர்த்துப் பூட்டி வைத்தது. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்துக்கு அந்தச் சொல் பொருந்தும். கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் புத்தகமும் இதழுமாகச் சேர்த்தாரே, சென்னையில் இப்போது ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறதே, அதைக் களஞ்சியம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அதற்குள்ளே அடுக்கி வைத்திருப்பவற்றில்தான் இதழ்களும் இருக்கின்றன. உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் ஒரே பெயரா? வேரைப் பார்த்தே மொழிபெயர்ப்பதென்றால் கலெக்டரை வசூல்காரர் என்றுதான் கூப்பிட வேண்டும்.

தாளில்லாததை இதழ் என்று எப்படிச் சொல்வது என்றும் ஒருவர் கேட்டார். பூவிலிருந்து தாளுக்கு வந்த சொல் அது. மின்னிதழ் என்று எல்லாரும் எழுதியாயிற்று, வீடியோ இதழுக்கு மட்டும் என்ன தடை? காணொளியா காணொலியா விழியமா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. வீடியோ எல்லாருக்கும் தெரியும், எனக்கு அது போதும்.

அடுத்தது மந்திரவாதி. மந்திரம் சொல்லி ஏவல் பில்லி சூனியம் எடுப்பதாகச் சொல்கிறவர் மந்திரவாதி. மேடையில் தொப்பிக்குள்ளிருந்து புறா எடுக்கிறவருக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. பகுத்தறிவாளர்கள் ‘மந்திரமா தந்திரமா’ என்று நிகழ்ச்சி நடத்துவது இந்த வித்தியாசத்தைக் காட்டத்தான். இன்னொன்று, மேஜிக் என்ற சொல் பழம்பாரசீகப் பூசாரிகளின் பெயரிலிருந்து கிரேக்கம் வழியாக வந்தது. குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கும் கிரேக்கத்தில் அதே பெயர். தமிழ் வேதாகமம் அவர்களைச் சாஸ்திரிகள் என்றும் ஞானிகள் என்றும் சொன்னதே தவிர மந்திரவாதி ஆக்கவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு இடம் பார்க்கத் தெரிந்தது. நமக்கோ கைவசமே செப்பிடுவித்தை இருக்கிறது. செப்பு என்றால் சின்னக் கிண்ணம். கவிழ்த்த கிண்ணத்துக்குள் உருண்டையை வரவைத்து மறையவைக்கிற அந்தப் பழைய ஆட்டத்தை உலகம் முழுக்க இன்றும் செய்கிறார்கள். அது பழசாகப் பட்டால் வித்தைக்காரர் என்று எழுதுங்கள். ‘மேஜிக் கலைஞர்’ என்றாலும் குற்றமில்லை, இங்கே தொழில் செய்கிறவர்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

‘பயிற்சி செய்யும்’ என்பது அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடி வைத்ததன் விளைவு. பிராக்டிஸ் பண்ணுகிற வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போய் வழக்காடுகிறவர், படித்துக்கொண்டிருப்பவர் இல்லை. இங்கேயும் அதே கதைதான், மேடையேறி வித்தை செய்கிறவர்களைச் சொல்கிறார்கள். ஆக, ‘வித்தை செய்கிறவர்களுக்கான வீடியோ இதழ்’. தீர்ந்தது.

ஆனால் இந்த மொழிபெயர்ப்பாளர்கள் விடுவதாயில்லை. ஒற்றை வித்தையை விளக்கும் பதிவைத் தனியாக விலைக்கு விற்கிறார்களே, அதற்கும் ‘இதழ்’ என்று போடுகிறார்கள். அது பாடம், இதழில்லை. போன வாரம் ஒரு விளம்பரத்தில் டபுள் லிஃப்டை ‘இரட்டைத் தூக்கு’ என்று போட்டிருந்தார்கள். படித்ததும் சிறைச்சாலைச் செய்தியோ என்று பார்த்தேன். சீட்டுக் கலைக்கிறவர்கள் எல்லாரும் டபுள் லிஃப்ட் என்றேதான் சொல்கிறார்கள், அதையாவது அப்படியே விடுங்கள் ஐயா.