இணையவழி வகுப்பில் கற்றல் எங்கே அறுபடுகிறது?

அரையுடன் மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், ஆறாம் வகுப்பு மாணவர்களில் பலர் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிடுவார்கள். பெஞ்சுகளுக்கு இடையே நடந்துவரும் ஆசிரியர் அந்த நோட்டை ஒரு பார்வை பார்த்து, "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா?" என்று கேட்பார். பிள்ளை யோசிக்கும், அழிக்கும், மறுபடி போடும். கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட 2020-இல் இதே கணக்கு வேறு வழியில் பயணம் செய்தது. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி மாலையில் அப்பாவுடன் திரும்பி வந்த பிறகு, நோட்டுப் பக்கம் படமெடுக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. திருத்தம் மறுநாள் வந்தது. அதற்குள் அந்தப் பிள்ளை மீதிக் கணக்குகள் அனைத்தையும் அதே தவறான முறையில் போட்டுப் பழகியிருந்தது.

தொலைவழிக் கல்வியின் குறையைப் பேசும்போது பெரும்பாலும் கைப்பேசி இல்லாமையையும் சிக்னல் கிடைக்காமையையும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அவை உண்மையான தடைகள். ஆனால் கருவியும் இணைப்பும் கிடைத்த வீடுகளிலும் கற்றல் ஏன் தளர்ந்தது என்பதை அவை விளக்குவதில்லை. பாடத்தின் செய்தி திரைவழியே வந்து சேர்ந்துவிடுகிறது. பிள்ளையின் முயற்சிக்கும் ஆசிரியரின் மறுமொழிக்கும் இடையிலான விரைவான சுற்றுதான் அறுபடுகிறது.

மனம் புதிய செய்திகளை ஒரே நேரத்தில் ஏறத்தாழ நான்கு துண்டுகள் அளவுக்கே ஏந்தி வேலை செய்ய முடியும் என்று நினைவாற்றல் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தச் சிறிய இடத்தில் புதிய கணக்கைப் போட்டுப் பார்த்து, தவறு செய்து, திருத்திக்கொண்ட பிறகே அது நீடித்த நினைவுக்குள் செல்கிறது. குரல் விட்டுவிட்டு வரும்போது, கேட்காமல் போன சொல்லை ஊகிப்பதற்கே அந்த இடத்தின் ஒரு பகுதி செலவாகிறது. உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி, பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வின்படி, சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. இணையத் தாமதம் இந்தத் தாளத்தைக் குலைக்கிறது. ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார், மறுமுனையில் அமைதி. பிள்ளை பேசத் தொடங்கும்போது ஆசிரியர் அடுத்த வரிக்குப் போயிருப்பார். இப்படிச் சில முறை நேர்ந்தால் கூச்சமுள்ள பிள்ளை ஒலிவாங்கியை அணைத்துவிட்டு வெறும் பார்வையாளராகிவிடும்.

நேரில் இருக்கும் மனிதரிடமிருந்து கற்பதில் ஏதோ தனித்தன்மை உண்டு என்பதை அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா குல் 2003-இல் வெளியிட்ட பரிசோதனை அழகாகக் காட்டியது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு, சீன மொழி பேசுபவர் நேரில் வந்து விளையாடி, கதை சொன்னபோது, அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியும் திறன் வாய்த்தது. அதே மொழியைக் காணொளியில் கேட்ட குழந்தைகளுக்கு அது வாய்க்கவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் திரையிலிருந்தும் கற்கிறார்கள்தாம். ஆயினும் வயது குறையக் குறைய, எதிரில் ஒருவர் இருந்து மறுமொழி தருவதன் தேவை கூடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்றது. படிப்பை உயிராக மதிக்கும் இந்த மண்ணிலும் வாழ்க்கை முறைகள் அந்தச் சுற்றுக்குக் குறுக்கே நின்றன. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் விடியலுக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். கைப்பேசியும் அவர்களோடு போய்விடும். பேச்சிப்பாறைக்கு மேலே காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் சிக்னல் தேடி மேடான இடத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. கல்வித் தொலைக்காட்சி பாடங்களைச் சிறப்பாகவே ஒளிபரப்பியது. ஆனால் தொலைக்காட்சியால் நோட்டை எட்டிப் பார்க்க முடியாது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. திறந்த இரண்டு வாரங்களுக்குள் பெருமழையும் வெள்ளமும் வந்து இந்த மாவட்டத்தில் மீண்டும் விடுமுறை விட வேண்டியதாயிற்று.

இழப்பின் அளவைச் சொல்ல நம் மாநிலத்திலேயே நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்து, 2021 டிசம்பரில் இருந்த நிலையை, 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளின் நிலையோடு ஒப்பிட்டார்கள். கணக்கில் ஏறத்தாழ 0.7 திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்னடைவு இருந்தது. கணக்கில் இழப்பு இரு மடங்கானதில் எனக்கு வியப்பில்லை. மொழியைப் பிள்ளை வீட்டிலும் தெருவிலும் நாள் முழுதும் கேட்கிறது, கோயில் அறிவிப்பிலும் பேருந்துப் பலகையிலும் படிக்கிறது. பின்னக் கூட்டலுக்கோ பள்ளிக்கு வெளியே அப்படிப் புழங்கும் இடம் கிடையாது. இணைய வசதி மிக நன்றாக உள்ள நெதர்லாந்திலும், எட்டு வாரமே பள்ளி மூடியிருந்தும், பிள்ளைகள் வீட்டிலிருந்து கற்றது மிகக் குறைவே என்று 2021-இல் ஓர் ஆய்வு கண்டது. பெற்றோரின் படிப்பு குறைவாக இருந்த வீடுகளில் இழப்பு 60 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது.

மனநலத்திலும் இதே அறுபடுதல்தான் வேலை செய்கிறது. வளரிளம் பருவத்தினர் தம்மை மதிப்பிட்டுக்கொள்வது நண்பர்களின் முகத்தைப் பார்த்துத்தான். இடைவேளையில் தோளில் விழும் ஒரு தட்டு, மதிய உணவைப் பங்கிட்டுக்கொள்ளும் ஐந்து நிமிடம் ஆகியவை நாளின் பதற்றத்தைக் கரைத்துவிடும். திரையில் அவற்றுக்குப் பதிலாகத் தன் முகமே தனக்கு எதிரில் இடைவிடாமல் தெரிகிறது; உடலை அசைக்காமல் உட்கார வேண்டியிருக்கிறது; எல்லாக் கண்களும் தன்னையே பார்ப்பதுபோல் தோன்றுகிறது. காணொளிக் கூட்டச் சோர்வுக்கு அமெரிக்க ஆய்வாளர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் முன்வைத்த காரணங்களில் இவையும் அடங்கும். காலை மணி இல்லாதபோது தூங்கும் நேரம் தள்ளிப்போய், சோர்வும் எரிச்சலும் கூடுகின்றன. உலகெங்கும் 80,000-க்கும் மேற்பட்ட இளையோரை உள்ளடக்கிய 29 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான கட்டுரை, நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகளும் ஐவரில் ஒருவருக்குப் பதற்ற அறிகுறிகளும் இருந்ததாகக் கணித்தது. இதில் நோயச்சமும் வீட்டு வருமானம் நின்றுபோன கவலையும் கலந்திருப்பதால், முழுப் பழியையும் இணைய வகுப்பின்மேல் போடுவது நியாயமாகாது. வகுப்பறையில் கேலிக்கு ஆளாகிவந்த சில பிள்ளைகளுக்கு வீடு நிம்மதியாகவும் இருந்தது.

சுற்றை மீண்டும் இணைத்தால் இழந்தது திரும்பக் கிடைக்கிறது என்பதே இந்த ஆய்வுகள் தரும் பெரிய நம்பிக்கை. தமிழ்நாட்டு ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. மாலை வேளையில், அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலர், சிறு குழுவாகப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த அக்காவுக்கு ஒவ்வொரு நோட்டையும் எட்டிப் பார்க்க முடிந்தது.

நேரில் கூடவே முடியாத நாட்களுக்கு ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் நடந்த பரிசோதனை வழிகாட்டுகிறது. குறுஞ்செய்தியில் கணக்கு அனுப்பியதோடு வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்தும் பேசிய வீடுகளில் பிள்ளைகளின் கணக்குத் திறன் தெளிவாக உயர்ந்தது. குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் அந்த அளவுக்குப் பலன் இல்லை. அதற்குச் சாதாரண பட்டன் போனே போதுமானதாக இருந்தது. வடகிழக்குப் பருவமழைக்கு விடுமுறை விடப்படும் வாரங்களில் நம் ஆசிரியர்கள் ஒரு மணி நேரக் காணொளியை அனுப்புவதைவிட, பின்தங்கிய பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆளுக்குப் பத்து நிமிடம் அழைத்துப் பேசுவதே பயன் தரும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். ஒரே ஒரு கணக்கைக் கொடுத்து, அதை எப்படிப் போட்டாய் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.