டைமிங் கவரைக் கழற்றும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

"டைமிங் கவர் கேஸ்கெட் போயிருச்சு, பாஸ்" என்று கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பட்டறைக்கு வருகிற பல வண்டிகளுக்கு அந்த வேலையே தேவைப்படுவதில்லை. டைமிங் கவர் என்பது இன்ஜினின் ஒரு பக்கத்தில் டைமிங் செயினையோ பெல்ட்டையோ மூடியிருக்கும் மூடி; கேஸ்கெட் என்பது அதன் ஓரத்தில் கசிவைத் தடுக்கும் அடைப்பு. மேலே வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்தாலும் எண்ணெய் டைமிங் கவர் வழியாகத்தான் இறங்கும். கீழே கிராங்க் சீல் (சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்தால் புல்லி சுழலும்போது அந்தப் பக்கம் முழுக்கத் தெறிக்கும். நடுவில் இருப்பதால் பழி கவர்மேல் விழுகிறது.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசர் அடித்துக் கழுவுங்கள். இரண்டு நாள் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. வண்டியில் இருப்பது செயினா பெல்ட்டா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பெரோடுவா மைவி 1.3-இல் செயின், அதன் கவருக்குள் எண்ணெய் ஓடும். கேம்ப்ரோ இன்ஜின் போட்ட பழைய புரோட்டான் சாகாவில் ரப்பர் பெல்ட். அந்தக் கவருக்குள் எண்ணெய்க்கு வேலையே இல்லை. அங்கே ஈரம் இருந்தால் போனது ஏதோ ஒரு சீல். கவரை எத்தனை முறை ஒட்டினாலும் நிற்காது.

சரி, கவர்தான் என்று உறுதியாகிவிட்டது. வீட்டில் செய்யலாமா? முழு நாளும், போல்ட்டை அளவாக முறுக்க ஒரு டார்க் ரெஞ்சும் இருந்தால் செய்யலாம். பல வண்டிகளில் அந்தப் பக்கத்து இன்ஜின் மவுண்டிங்கையும் கழற்ற வேண்டும். சம்ப்புக்கு (இன்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) அடியில் பலகை வைத்து ஜாக்கால் தாங்கிய பிறகே அதில் கை வையுங்கள். வண்டியைத் தாங்க ஸ்டாண்டு தனியாக வேண்டும். போல்ட்டுகள் ஒரே நீளம் இருக்காது. அட்டையில் கவரின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைப்பது என் வழக்கம். கவர் வெளியே வந்தபின் கிராங்க்கைத் திருப்பாதீர்கள்.

ஒரு தைப்பூச விடுமுறையில் தம்பி ஒருவர் தன் வீட்டு வாசலிலேயே இதைச் செய்தார். கசிவு நின்றது. மூன்றே வாரத்தில் ஆயில் விளக்கு எரிந்தது. சம்ப்பைக் கழற்றினால், எண்ணெய் உறிஞ்சும் வலையில் சிவப்பு சிலிக்கான், வெந்த சேமியா மாதிரி. இந்தக் கவர்களில் பலவற்றுக்குத் தனி கேஸ்கெட் கிடையாது, சிலிக்கான் பசைதான். நிறையப் போட்டால் நல்லது என்று பாதி டியூபைப் பிதுக்கியிருக்கிறார். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து எண்ணெயோடு போய்விட்டது. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கோடு போதும், எங்கும் விட்டுப்போகாமல். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டும் கீழ்ப்பாகமான பிளாக்கும் சேரும் இடுக்கில் மட்டும் கூடுதலாக ஒரு பொட்டு.

பழைய பசையை எமரி வட்டு போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. அலுமினியம் பள்ளமாகிவிடும், அந்தப் பொடி எண்ணெயில் கலந்து பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் சுரண்டியும் பிரேக் கிளீனரும் போதும், கை வலிக்கும், அவ்வளவுதான். ஒட்டியதும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கை பரபரக்கும். டியூபில் போட்டிருக்கும் நேரத்தைப் படியுங்கள். பெரும்பாலும் 24 மணி நேரம்.

அப்புறம், வடித்த எண்ணெயை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு கழிவு விதிமுறைகளில் அது எஸ்.டபிள்யூ. 305 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. போத்தலில் அடைத்துக் கொண்டுவாருங்கள், எங்கள் டிரம்மில் ஊற்றிக்கொள்கிறோம். காசு வேண்டாம்.