கயாக்: ‘துடுப்புப் படகு’ என்றால் போதுமா?

கயாக்: காலை முன்னே நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் செலுத்தும் ஒடுக்கமான படகு. மேற்புறம் மூடியிருக்கும், ஆள் இறங்கி உட்கார மட்டும் ஒரு துளை.

ஆங்கிலம் வழியாக வந்தாலும் இது ஆங்கிலச் சொல் அன்று. ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் ‘கயக்’தான் மூலம். அதன் முதலிலும் முடிவிலும் வரும் ககரம் உள்நாக்கருகே பிறப்பது. நம் வாய்க்கு எளிதில் வராது. சீல் வேட்டைக்கான படகு அது. கடல் ஒதுக்கிய மரத்தில் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைப்பார்கள். கிரீன்லாந்து வேட்டைக்காரர், முக்காடு வைத்த தோல்சட்டையின் கீழ்விளிம்பைத் துளையின் வளையத்தோடு இறுக்கிக் கட்டிக்கொள்வார். கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் புகாது. துடுப்பை வீசி, உருண்டு நிமிர்ந்துவிடுவார். பலர் ஏறும் திறந்த தோல்படகுக்குப் பெயர் உமியாக். திறந்த ஒடுக்கமான படகைக் குறிக்கும் ‘கனூ’ என்ற சொல் இவற்றுக்கு உறவே இல்லை. கரீபியன் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து ஸ்பானியர் எடுத்துக்கொண்ட சொல் அது.

இவை எல்லாவற்றையும் ‘துடுப்புப் படகு’ என்று எழுதிவிடுகிறோம். அப்படியானால் நம் வள்ளம் என்னவாம்? ‘தோற்படகு’ என்றாலோ, தோல் போர்த்திய பழைய பரிசல்தான் நினைவுக்கு வரும்; தவிர, இன்று வாடகைக்குக் கிடைக்கும் கயாக் பிளாஸ்டிக். பெயரைக் கயாக் என்றே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. கட்டுமரத்தைக் ‘கேட்டமரன்’ ஆக்கி, இரட்டை உடல் சொகுசுப் படகுக்குச் சூட்டியதில் நமக்கே ஒரு மனத்தாங்கல் உண்டு. வினைக்குத்தான் தமிழ் வேண்டும். தண்டு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி இழுக்கிறார். கயாக்கில் முகம் முன்னோக்கி இருக்கிறது. ஆகவே ‘துடுப்புப் போடுதல்’.

‘பழங்குடிப் படகு’ என்ற தொடரையும் கைவிடலாம். எந்தக் குடி? கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹைடா குவாய் தீவுகளுக்குச் சுற்றுலாப் பயணிகள் கயாக்கில் போகிறார்கள். படகு இனுயிட் மக்களுடையது, நீர் ஹைடா மக்களுடையது. ஹைடாக்களின் சொந்தப் படகோ ஒற்றை சிடார் மரத்தைக் குடைந்தது. ‘குயீன் சார்லட் தீவுகள்’ என்ற பெயரை நீக்கி, ‘ஹைடா மக்களின் தீவுகள்’ என்று பொருள்படும் ஹைடா குவாய் அதிகாரபூர்வப் பெயரானது 2010இல்தான்.

அங்கே பழைய ஊர்களில் நினைத்த இடத்தில் கரையேற முடியாது. அவற்றில் ஒன்றான ஸ்காங் குவாயில் குலமரபுத் தூண்கள் மழையில் மக்கி மண்ணோடு சேர்ந்துகொண்டிருக்கின்றன. வெண்சிப்பி ஓடுகளால் அடையாளமிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. ஒரு நேரத்தில் கரையில் 12 பேர்தான் இருக்கலாம். கரையேறும் முன், படகுகளில் பேசப் பயன்படும் விஎச்எஃப் வானொலியின் 6ஆம் சேனலில், அந்த ஊர்களைக் காக்கும் ஹைடா காவலர்களை அழைக்க வேண்டும். இந்த அழைப்பை ‘தகவல் தெரிவித்தல்’ என்று மொழிபெயர்த்தால் பிழை. ‘அனுமதி கேட்டல்’ என்பதே சரி. ஏற்கெனவே 12 பேர் உள்ளே இருந்தால், அவர்கள் திரும்பும்வரை கயாக் கரைக்கு அப்பால் மிதந்தபடி காத்திருக்கும்.